மூங்கில் உரசினால் காடு எரியுமா? குற்றாலம் மலை முதல் வீட்டு அடுப்பு வரை வெப்பம் உண்டாவது எப்படி?

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினாலே தென்காசி மாவட்டத்தில் ஒரு செய்தி தவறாமல் வரும்: மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுத் தீ. ஒரு வருஷம் குற்றாலம் பக்கம் என்றால், இன்னொரு வருஷம் கடையநல்லூர், சிவகிரி பக்கம். இரவில் ஊரில் நின்று பார்த்தால் மலையில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊர்ந்து போவது தெரியும். வனத்துறை ஊழியர்கள் பச்சை இலைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு, அதை வைத்தே தீயை அடித்து அணைக்க மேலே ஏறுவார்கள்.

செய்தி வந்த கையோடு டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு விளக்கமும் வந்துவிடும். "அடிக்கிற வெயிலுக்கு மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசி தானா பத்திக்கிச்சு."

உண்மையில் அப்படி நடக்குமா? இயற்கையில் வெப்பம் எத்தனை வழிகளில் உண்டாகிறது? அதில் எது தீயாக மாறும், எது மாறாது? இதே கேள்வி நம்ம வீட்டு அடுப்படிக்கும் பிளக் பாயிண்டுக்கும் ஏன் பொருந்துகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

வெப்பம் வேறு, தீ வேறு

முதலில் ஒரு அடிப்படை விஷயம். வெப்பம் என்பது ஒரு பொருளுக்குள் இருக்கும் துகள்களின் அசைவு. அந்த அசைவு கூடினால் பொருள் சூடாகிறது. உரசினாலும், அழுத்தினாலும், மின்சாரம் பாய்ந்தாலும், வேதிவினை நடந்தாலும், வெயில் பட்டாலும் அந்த அசைவு கூடும். எங்கிருந்தோ வந்த ஆற்றல்தான் வெப்பமாக உருமாறுகிறது.

குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு இது தெரிந்த அனுபவம். ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். அந்த நடுக்கம் உடல் தனக்குத் தானே மூட்டிக்கொள்ளும் அடுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலே சுமார் 100 வாட் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அதாவது ஒரு பழைய குண்டு பல்பு அளவு. குளிரில் நடுங்கும்போது தசைகள் வேகமாகச் சுருங்கி விரிவதால் அந்த அளவு பல மடங்கு கூடுகிறது.

ஆனால் மனித உடல் தீப்பிடிப்பதில்லை. ஏன்? உண்டாகும் வெப்பம் தோல், வியர்வை, மூச்சு வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

இதுதான் முக்கியமான விதி. வெப்பம் உண்டாவது மட்டும் போதாது. அது ஒரே இடத்தில், வெளியேறும் வேகத்தைவிட அதிக வேகத்தில் சேர வேண்டும். காய்ந்த இலை, புல், விறகு போன்றவை தீப்பிடிக்கச் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். அந்த அளவை எட்டும் வரை வெப்பம் தேங்கினால் தீ. தேங்காமல் போய்விட்டால் வெறும் சூடு.

மலைத் தீ, மின்கசிவு, வைக்கோல் படப்பு என்று எதை எடுத்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்: இங்கே வெப்பம் தேங்க வழி இருக்கா?

மூங்கில் உரசினால் என்ன ஆகும்?

உரசினால் சூடு வரும் என்பதில் சந்தேகமே இல்லை. குளிர்காலத்தில் உள்ளங்கைகளைத் தேய்த்துப் பார்த்தாலே போதும். குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்பவர்களுக்கு முதுகில் ஏறும் சூட்டிலும் உரசலுக்குப் பங்கு உண்டு.

உரசலால் வரும் வெப்பம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம். கைகளை வேகமாகத் தேய்த்தால் சுமார் 20 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகலாம். கை சூடாகும், அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு கணக்கு. கேரள எல்லையான கோட்டைவாசலில் இருந்து புளியரை வழியாகச் செங்கோட்டைக்கு இறங்கும் மலைச்சாலையை எடுத்துக்கொள்வோம். 25 டன் எடையுள்ள ஒரு லாரி, பிரேக்கை மட்டுமே நம்பி 100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிரேக்கில் உண்டாகும் வெப்பம், சுமார் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. பெரும் எடை, விடாத அழுத்தம், வெப்பம் முழுக்க ஒரு சின்ன டிரம்முக்குள். அதனால்தான் இறக்கத்தில் பிரேக் புகைகிறது, சில நேரம் பிடிக்காமலும் போகிறது. மலையில் எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். இன்ஜின் இழுத்துப் பிடித்தால் பிரேக்கில் வெப்பம் தேங்காது.

மூங்கிலுக்கு வருவோம். காற்றில் ஆடும் மூங்கில்கள் உரசும்போது வேகம் குறைவு. அழுத்தம் விட்டு விட்டுத்தான் வரும். ஒவ்வொரு ஆட்டத்திலும் உரசும் இடம் கொஞ்சம் தள்ளிப் போகும். பச்சை மூங்கிலுக்குள் நிறைய ஈரம் இருக்கும். அந்த ஈரம் ஆவியாகும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டுவதே கஷ்டம். இன்னொன்று, எந்தக் காற்று மூங்கிலை ஆட்டி உரச வைக்கிறதோ, அதே காற்று உரசிய இடத்தை ஆற்றவும் செய்கிறது.

அப்படியானால் காய்ந்த மூங்கிலை வைத்துத் தீ மூட்டவே முடியாதா? முடியும். தென்கிழக்கு ஆசியாவில் பிளந்த மூங்கிலை ரம்பம் போல அறுத்துத் தீ உண்டாக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. யாகங்களில் அரணிக் கட்டையைக் கடைந்து நெருப்பு எடுப்பதும் இதே முறைதான். ஆனால் அங்கெல்லாம் என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். காய்ந்த கட்டை, ஒரே பள்ளம், விடாத அழுத்தம், நிற்காத வேகம், உதிரும் தூளைப் பிடிக்கப் பஞ்சு போன்ற நார், கடைசியில் வாயால் ஊதல். இத்தனையையும் ஒரு மனிதர் திட்டமிட்டுச் செய்தால்தான் ஒரு கங்கு கிடைக்கும். காற்று இதையெல்லாம் தற்செயலாகச் செய்து முடிப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு.

இந்த நம்பிக்கை ஊன்றிப்போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தீ பரவும்போது மூங்கில் கணுக்களுக்குள் அடைபட்ட காற்றும் நீராவியும் விரிந்து, பட்டாசு போலப் படார் படார் என்று வெடிக்கும். தூரத்தில் இருந்து கேட்பவருக்கு மூங்கிலில்தான் எல்லாம் தொடங்கியது போலத் தோன்றும். ஆனால் அது தீயின் விளைவு. காரணம் அல்ல.

தீக்குச்சி மட்டும் ஒரே உரசலில் எரிவது எப்படி?

"ஒரு சின்னக் குச்சி ஒரே இழுப்பில் பத்துதே, மூங்கில் பத்தாதா?" என்று கேட்கலாம். விடை தென்காசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சங்கரன்கோவில், திருவேங்கடம் வட்டாரத்தில் தொடங்கிக் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வரை நீள்வது தீப்பெட்டித் தொழில் பூமி. 1922ல் கொல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் சிவகாசியில் தொடங்கிய தொழில் அது.

தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ். குச்சியை இழுக்கும்போது வரும் உரசல் சூடு மிகக் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சச் சூட்டில் ஒரு துளி சிவப்பு பாஸ்பரஸ் வெள்ளை பாஸ்பரஸாக மாறுகிறது. வெள்ளை பாஸ்பரஸுக்குச் சாதாரண வெயில் காலச் சூடே போதும், காற்று பட்டதும் எரியும். அது தலையில் உள்ள மருந்தைப் பற்றவைக்கிறது, மருந்து குச்சியைப் பற்றவைக்கிறது.

ஆக, தீக்குச்சியில் எரிவதற்கான ஆற்றல் ஏற்கெனவே மருந்தில் அடைபட்டிருக்கிறது. உரசல் வெறும் சாவி. மூங்கிலில் அந்த மருந்து இல்லை.

14 வருஷம் 1 ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆனது. இன்னும் ஒரு டீயைவிட மலிவு. மலையில் தீ மூட்டுவதற்கு இயற்கையைவிட எளிய வழி எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது.

வெயில், மின்னல், கண்ணாடி: எது தீ மூட்டும்?

வெயில்: உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியின் அளவு. பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆனால் பாறையோ மண்ணோ சூடாகச் சூடாக, அந்த வெப்பத்தைக் காற்றுக்கும் வானத்துக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் 60, 70 டிகிரி அளவோடு நின்றுவிடுகிறது. 250 டிகிரியை எட்டுவதில்லை. வெயில் செய்வது வேறு வேலை. புல்லையும் சருகையும் ஈரமே இல்லாமல் காயவைத்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது.

கண்ணாடி: பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவித்தால் காகிதம் எரியும். வெப்பத்தை ஒரே இடத்தில் சேர்ப்பதுதான் அங்கே நடக்கிறது. காட்டில் எறியப்பட்ட பாட்டிலும் இப்படிச் செய்யலாம் என்பது கோட்பாட்டளவில் சரி. ஆனால் உடைந்த சில்லுகள் பெரும்பாலும் வெயிலைச் சரியாகக் குவிப்பதில்லை. பாட்டிலால் காட்டுக்கு வரும் நிச்சயமான ஆபத்து, யானை உள்ளிட்ட விலங்குகளின் காலைக் கிழிப்பதுதான்.

கல்: பாறை உருண்டு மோதும்போது சக்கிமுக்கிக் கல் போலப் பொறி பறக்கலாம். அரிது என்றாலும் இயற்கையாகத் தீ உண்டாகும் வழிகளில் இதுவும் ஒன்று.

மின்னல்: இயற்கை கையில் இருக்கும் உண்மையான தீக்குச்சி இதுதான். மின்னல் பாயும் பாதையில் காற்று ஒரு கணத்தில் சுமார் 30,000 டிகிரி வரை சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மழையில்லாமல் விழுந்த மின்னல்களால் நூற்றுக்கணக்கான இடங்களில் காட்டுத் தீ பிடித்தது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே கோடை மின்னல் பெரும்பாலும் மழையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். பற்றிய தீ பரவுவதற்குள் நனைந்துவிடும்.

தானாகத் தீப்பிடிப்பது எங்கே நடக்கும்?

தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும் பொருள்கள் உண்டு. அவை மலையில் அல்ல, தொழுவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

சரியாகக் காயாத வைக்கோலைப் படப்பாக அடைந்துவைத்தால், ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகும். அவை வைக்கோலைத் தின்று சிதைக்கும்போது வெப்பம் உண்டாகும். காலையில் எருக்குழியைக் கிளறினால் ஆவி பறப்பதும் இதனால்தான். நுண்ணுயிர்களால் 60, 70 டிகிரி வரை சூடேற்ற முடியும். அதற்கு மேல் அவையே செத்துவிடும். ஆனால் அந்தச் சூட்டில் வைக்கோல் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு நேரடியாக வினைபுரியத் தொடங்குகிறது. அந்த வினை இன்னும் வெப்பத்தைக் கொடுக்கும். வைக்கோல் ஒரு கம்பளி போல வெப்பத்தை வெளியே விடாது. சில நாட்களில், சில வாரங்களில் உள்ளுக்குள்ளேயே கங்கு பிடிக்கும்.

இதே கதைதான் ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரிச் சுரங்கங்களிலும். 1916ல் முதன்முதலாகத் தீ கண்டறியப்பட்ட அந்தப் பகுதியில், ஒரு நூற்றாண்டு கடந்தும் நிலத்தடியில் நெருப்பு அணையவில்லை. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பல நாட்கள் எரிந்தபோதும், குப்பை மலைக்குள் தேங்கும் வெப்பம் பேசுபொருளானது.

மலைச்சரிவில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும் காய்ந்த சருகில் இது நடக்காது. அங்கே ஈரமும் இல்லை, வெப்பத்தைப் பொத்திவைக்கும் குவியலும் இல்லை.

சாரலுக்குப் பின்னாலும் வெப்பம்

தீயே இல்லாமல் இயற்கை உண்டாக்கும் மிகப் பெரிய வெப்பத்தைத் தென்காசிக்காரர்கள் வருஷா வருஷம் பார்க்கிறார்கள். அதன் பெயர் சீசன்.

தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். அந்த ஆவி மேகத்தில் திரும்பத் தண்ணீராகும்போது உறிஞ்சிய வெப்பத்தை வெளியே விடும். ஒரு லிட்டர் மழைநீர் உருவாகும்போது மேகத்துக்குள் வெளிவரும் வெப்பம், 1,000 வாட் ஹீட்டர் சுமார் 40 நிமிடம் ஓடினால் வரும் வெப்பத்துக்குச் சமம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை என்றால் 1 கோடி லிட்டர். மின்சாரக் கணக்கில் அது சுமார் 68 லட்சம் யூனிட் வெப்பம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையேறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டுகிறது. மேகத்துக்குள் வெப்பம் வெளிவருவதால், ஏறும் காற்று ஒரு கிலோமீட்டருக்கு 5, 6 டிகிரிதான் குளிர்கிறது. ஈரத்தை இழந்து இந்தப் பக்கம் இறங்கும்போதோ ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடாகிறது. செங்கோட்டைக் கணவாய்க்கு நேராக இருக்கும் குற்றாலம், தென்காசிக்குச் சாரல் கிடைக்கிறது. கொஞ்சம் கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போனால் அதே காற்று வறண்டு, புழுதி கிளப்பும் காற்றாக வீசுகிறது. சுரண்டை, ஆய்க்குடி பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதும் அதே காற்றுதான்.

இவ்வளவு வெப்பம் வெளியானாலும் எங்கேயும் தீ இல்லை. காரணம் அதே விதி. வெப்பம் பல கிலோமீட்டர் காற்றில் பரவிக் கரைந்துவிடுகிறது. ஆனால் இதன் விளைவு ஒன்று உண்டு. மேற்குச் சரிவைவிடக் கிழக்குச் சரிவின் அடிவாரம் வறண்டது. புல்லும் முட்புதரும் இலையுதிர் மரங்களும் நிறைந்தது. மாசி, பங்குனியில் அங்கே காய்ந்த எரிபொருள் தயாராகக் கிடக்கும்.

அப்போ மலையில் தீ வைப்பது யார்?

எரிபொருள் இருக்கிறது, வெயில் காயவைத்துவிட்டது, பொறி மட்டும்தான் பாக்கி. இந்தியாவில் காட்டுத் தீயில் சுமார் 95 சதவீதம் மனிதர்களால் ஏற்படுபவை என்பதுதான் அரசு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு.

எல்லாமே வேண்டுமென்று வைத்த தீ அல்ல. பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இவை:

• மழைக்குப் பின் இளம்புல் தழைக்கும் என்று காய்ந்த புல்லைக் கொளுத்துவது

• தேன் எடுக்கப் புகை போடுவது, காட்டு விளைபொருள் பொறுக்கச் சருகை எரிப்பது

• அடிவாரத் தோட்டங்களில் கழிவுகளை எரிக்கும்போது தீ எல்லை தாண்டுவது

• பன்றி, யானையை விரட்ட வெடி போடுவது

• அணைக்காமல் எறியும் பீடி, சிகரெட், சமைத்துவிட்டு அப்படியே விட்டுப்போகும் அடுப்பு

ஆகவே பழியை மலைவாழ் மக்கள் மேல் மட்டும் போடுவதும் சரியில்லை. தோட்டக்காரர், வழிப்போக்கர், சுற்றுலா வந்தவர் என்று எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

"மூங்கில் உரசிச்சு" என்று சொல்லிவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த வசதிதான் இந்த விளக்கத்தின் பிரச்சினை. மனிதர் மூட்டிய தீ என்று ஒப்புக்கொண்டால்தான் தடுக்கவும் முடியும் என்ற இடத்துக்கு வர முடியும்.

தடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது மனிதரால் ஓடித் தப்பிக்க முடியாது. எழும் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே போவதால், ஏற்றத்தில் தீயின் வேகம் கூடும். அதன்பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

குற்றாலத்துக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. அருவிகளுக்கு நீர் தரும் சிற்றாற்றின் பிறப்பிடம் இந்த மலைதான். காட்டின் தரையில் கிடக்கும் இலைமக்கு ஒரு பஞ்சு போல மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது. அது எரிந்துபோனால், பெய்த மழை மண்ணையும் அடித்துக்கொண்டு ஒரேயடியாக இறங்கும். மழை நின்றதும் அருவியும் சீக்கிரமே மெலியும். சீசனை நம்பிக் கடை போடுபவர், ஆட்டோ ஓட்டுபவர், கீழே நெல் நடுபவர் என்று எல்லோர் பிழைப்பும் அந்தப் பஞ்சில்தான் இருக்கிறது.

தீயைக் கண்டுபிடிக்கும் வேலையும் வெப்பத்தை வைத்தே நடக்கிறது. செயற்கைக்கோள்கள் தரையின் வெப்பக் கதிர்களைப் பார்த்து, சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடாகத் தெரியும் புள்ளிகளை அடையாளம் காண்கின்றன. அதை வைத்து இந்திய வன அளவை நிறுவனம் மாநில வனத்துறைகளுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வரும் நேரத்தில்தான் பார்க்கும். அடிவாரத்தில் இருப்பவர் செய்யும் ஒரு போன் பல நேரம் அதைவிட முந்தும்.

வீட்டில் வெப்பம் எங்கெல்லாம் தேங்கும்?

மலைக்குச் சொன்ன அதே விதி வீட்டுக்கும் பொருந்தும். "தானா பத்திக்கிச்சு" என்று இங்கேயும் சொல்வோம். பார்த்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் எங்கோ தேங்கியிருக்கும்.

மின்சாரம்: கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் வெப்பம் உண்டாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இஸ்திரிப் பெட்டியிலும் ஹீட்டரிலும் இதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி என்று எல்லாவற்றையும் செருகினால் ஒயரே ஹீட்டராகிவிடும். ஒயரைச் சுருட்டி வைத்திருந்தால் சூடு வெளியேறாது. லூஸாக இருக்கும் பிளக்கில் தொடும் பரப்பு குறைவு, அந்த ஒரு புள்ளியில் வெப்பம் குவியும். பிளக் பழுப்பேறியிருந்தால் அது ஒரு எச்சரிக்கை.

பேட்டரி: செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது, வைக்கோல் படப்புக்குள் ஈரத்தை வைப்பது மாதிரி. லித்தியம் பேட்டரி ஒரு அளவுக்கு மேல் சூடானால் உள்ளே நடக்கும் வேதிவினையே இன்னும் வெப்பத்தைக் கொடுக்கும், அது வினையை இன்னும் வேகப்படுத்தும். 2022ல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தபின் மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது.

கேஸ் அடுப்பு: எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். அந்தப் பொறி லைட் சுவிட்சில் இருந்தும் வரலாம். கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றே நாற்றம் கலக்கப்படுகிறது. சுடர் நீலமாக இருந்தால் சரியாக எரிகிறது. மஞ்சளாக இருந்தால் காற்று போதவில்லை, பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

எண்ணெய்ச் சட்டி: எண்ணெய் முதலில் புகையும். அதற்குப் பிறகும் அடுப்பை அணைக்காவிட்டால் சுடர் படாமலே தீப்பிடிக்கும். அதில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடிக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பு: இதில் அடுப்பு சூடாவதில்லை. காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தை உண்டாக்குவதால் பாத்திரம்தான் சூடாகிறது. அதனால்தான் காந்தம் ஒட்டாத அலுமினியப் பாத்திரம் அதில் வேலை செய்வதில்லை.

சுண்ணாம்பு: வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பே இல்லாமல் கொதிக்கும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது. ஈரமான இடத்தில் மூட்டையை வைக்கவும் கூடாது.

என்ன செய்யலாம்?

மலைப் பக்கம்

• பிப்ரவரி முதல் மே வரை மலையடிவாரத்தில் சருகு, தோட்டக் கழிவை எரிப்பதைத் தவிர்க்கவும். எரிக்காமல் மக்கவைத்தால் எருவாகும்.

• சமைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றவும். சாம்பலுக்குள் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.

• தீயைப் பார்த்தால் உடனே 101 அல்லது 112. வனத்துறைக்கும் தகவல் தரவும்.

• சரிவில் தீ தெரிந்தால் மேல் நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்த இடம், பாறை, ஓடை பக்கம் போக வேண்டும்.

• வன உயிரினச் சரணாலயத்தில் தீ வைப்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு தடை செய்கிறது. காப்புக்காட்டில் தீ வைப்பதும் குற்றம்.

வீட்டில்

• கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறக்கவும். அவசர எண் 1906.

• எண்ணெய் எரிந்தால் அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடவும்.

• ஹீட்டர், கீசர், இஸ்திரிப் பெட்டிக்குத் தனி பிளக் பாயிண்ட் பயன்படுத்தவும்.

• கேஸ் கீசர் இருக்கும் குளியலறையில் காற்றோட்டம் அவசியம். காற்று போதாமல் எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

• வைக்கோலை நன்றாகக் காய்ந்த பின்பே படப்பு போடவும். படப்பில் கையை விட்டால் சூடு தெரிகிறது, புளித்த வாடை வருகிறது என்றால் முதலில் தீயணைப்புத் துறைக்குத் தகவல் சொல்லவும். சூடான படப்பைத் திடீரென்று பிரித்தால் காற்று புகுந்து குப்பென்று பற்றிவிடும்.

அடுத்த முறை மலையில் சிவப்புக் கோடு தெரியும்போது, வாட்ஸ்அப்பில் மூங்கில் கதையை ஃபார்வர்டு செய்வதற்கு முன் 101க்கு ஒரு போன் போடலாம். மலை எந்த மழைக்காகக் காத்திருக்கிறதோ, அது வரும்வரை காட்டைக் காப்பாற்ற அதுதான் உதவும்.